ஒரு கட்டைவிரல் அகலம்

ரதோவான் ஹ்ருஷிக்,
உன் பெயரைச் சொல்ல வராமல்
அன்று அறிவிப்பாளர் மூன்று முறை திணறினார்.
நான் இருபத்திரண்டு வருடமாகச் சரியாகச் சொல்கிறேன்,
உருகுவேயின் சால்ட்டோ நகரத்தில், என் லாண்டரியில்,
ஆறு இயந்திரங்களும் ஒன்றாகச் சுற்றும்போது.
அப்போது சொன்னால் யார் காதிலும் விழாது.

நான் ஒலெகாரியோ இரிகராய். இடது கை.
உச்சத்தில் நூற்றுப் பதினெட்டு,
அதுவும் இரண்டே வாரம்.
மற்றதெல்லாம் பேருந்து.
அசுன்சியோன், கொச்சபம்பா, குரிச்சிபா.
ராத்திரி மட்டைக்கு நானே நரம்பு கட்டி
காலையில் தோற்று
மதியம் அடுத்த ஊருக்கு டிக்கெட் எடுத்து.
முதல் சுற்றில் தோற்றவனுக்குக் கொடுக்கும் காசில்
ஒரு டப்பா பந்து வாங்கலாம், அல்லது சாப்பிடலாம்.

பிறகு பாரிஸ்.
தகுதிச்சுற்றின் கடைசி ஆட்டம், பதினான்காம் கோர்ட்,
பார்க்க வந்தவர்கள் பத்துப் பேர், ஒருவர் தூக்கத்தில்.
மூன்றாம் செட், டைபிரேக்கர்.
ஏழு, ஆறு.
ஏழு உன்னுடையது.

ஓரக்கோட்டை ஒட்டி நேராக அடித்தாய்.
என் மட்டைக்குக் கிடைத்தது காற்று.
கோட்டின் வெளிவிளிம்பைப் பந்து நக்கிவிட்டுப் போனதை
என்னைவிடக் கிட்டத்தில் பார்த்தவர் கிடையாது.
நீ தொப்பியைக் கழற்றிவிட்டாய்,
கையை நீட்டியபடி வலையருகே வந்துவிட்டாய்.
நான் விரலை உயர்த்தினேன்.
சுவடைப் பார்க்க வேண்டும்.

நடுவர் நாற்காலியிலிருந்து இறங்கினார்.
முழங்கால் வலிக்காரர், படிக்குப் படி நின்று இறங்கினார்.
அவ்வளவு நேரம் யாரும் எனக்குக் கொடுத்திருக்கக் கூடாது.

ஒரு கட்டைவிரல் அகலம் தள்ளி
இன்னொரு சுவடு இருந்தது.
முந்தின ஏதோ ஒரு கேமில், அந்தப் பக்கத்திலிருந்து
நான் அடித்து வெளியே போன பந்து.
என் தப்பையே காட்டினேன்,
உன்னுடையது என்று.
அவர் குனிந்தார். நிமிர்ந்தார்.
"வெளியே."
நான் ஷூவால் இரண்டு சுவடையும் தேய்த்தேன்.

நீ வலையைச் சுற்றி வரவில்லை.
எதிராளியின் பக்கம் போகக் கூடாது, அது விதி.
நீ விதிப்படி நின்றாய்,
தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டு.
ஒன்பது, ஏழு. நான்.

முதன்மைச் சுற்று எழுபத்திரண்டு நிமிடம் நீடித்தது.
ஒன்று, இரண்டு, பூஜ்யம்.
அந்தக் காசோலையில் நான்கு இயந்திரம் வாங்கினேன்.
மீதி இரண்டு கடனில்.

இரண்டு வருடம் கழித்து போலந்தில் ஒரு சின்னப் போட்டி,
என்னை ஒரு மணி நேரத்துக்குள் சுருட்டி வீசினாய்.
கை குலுக்கும்போது
எனக்கும் உனக்கும் பொதுவான அந்த ஓட்டை ஆங்கிலத்தில்
ஒரே வாக்கியம்:
"உனக்கு நல்ல கண்."
பாராட்டா?
அன்று அதற்கு நான் நன்றி சொன்னேன், ரதோவான்.
நன்றி என்றுதான் சொன்னேன்.

போன ஞாயிறு, சுவரில் மாட்டிய டிவியில்
ஒரு சின்னப் பெண் பெரிய ஆட்டக்காரியை வீழ்த்தினாள்.
கேமரா அவள் பயிற்சியாளரைக் காட்டியது.
நரைத்திருக்கிறாய். கை தட்டவில்லை,
கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய்.
தலையணை உறை மடிக்க வந்திருந்த தோனியா சென்துரியோன்
"தெரிந்தவரா?" என்றாள்.
"ஒரு தடவை ஜெயித்திருக்கிறேன்," என்றேன்.

கைசுத்தமான ஆள் என்று எனக்கு ஊரில் பெயர்.
பையில் மறந்த சில்லறையைக்கூட
கவரில் போட்டு, பெயர் எழுதி வைப்பேன்.

கிளப்பிலிருந்து பையன்கள் சாக்ஸ் கொண்டுவருகிறார்கள்,
கணுக்கால் வரை சிவப்பு.
அது மண்கூட இல்லை, இடித்த செங்கல்.
சுடுதண்ணீரில் போட்டால் நூலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.
முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு சோப்பு,
பிறகு கையால்.
நிறைய போய்விடும்.
விளிம்பில் மட்டும் கொஞ்சம் நிற்கும்,
வெளுப்பா சிவப்பா என்று
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும்.
நான் பிடித்துப் பார்ப்பதில்லை.
ஜோடி சேர்த்துச் சுருட்டி வைத்துவிடுகிறேன்.